ஏரியில் வலை, கரையில் ஆடு

பழவேற்காடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பூநாரைகள், டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, இறால், நண்டு, ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டுகள். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டுக் குப்பங்களில், வேலியோரம் கட்டப்பட்டிருக்கும் நான்கைந்து வெள்ளாடுகளைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை.

பேசப்படாததற்குக் காரணம் இருக்கிறது. மீனவர் என்றால் மீன்வளத் துறை. ஆடு என்றால் கால்நடைப் பராமரிப்புத் துறை. மேய்ச்சல் நிலம் என்றால் வருவாய்த் துறை. சரணாலயம் என்றால் வனத் துறை. மீனவர் வீட்டு ஆடு இந்த நான்கு துறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தத் துறையின் கோப்பிலும் அது முதன்மையான பொருள் அன்று. ஆனால் அந்த வீட்டின் வரவு செலவைப் பொருளியல் கண்கொண்டு பார்த்தால், ஆடு ஓர் உபதொழில் அன்று என்பது விளங்கும். அது அக்குடும்பத்தின் காப்பு நிதி. மீன் வியாபாரியின் முன்னால் விலை பேசும் துணிவை அளிக்கும் ஒரே சொத்தும் பல வீடுகளில் அதுதான். அந்த நிதி இரண்டு கால்களில் நிற்கிறது: ஒன்று மேய்ச்சல் நிலம், மற்றது நோய்த் தடுப்பு. அரசுகள் ஆடு கொடுக்கின்றன. இந்த இரண்டையும் காக்கத் தவறுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முகத்துவாரமும் முன்பணமும்

பழவேற்காட்டு ஏரியின் வளம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. கடல்நீர் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஏரிக்குள் வந்து வளரும். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் நீரின் உப்புத்தன்மை மாறும், ஆழம் குறையும், படகுகள் கடலுக்குப் போக வழியிருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். புயல் எச்சரிக்கை நாள்களில் தொழில் அறவே நின்றுபோகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்க் கழிவு என்று இந்தக் கரையை அடுத்தடுத்துத் தாக்கிய இடர்களின் பட்டியல் நீளமானது.

அரசு உதவாமல் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நடைமுறையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கான நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. வரவேற்கத்தக்க முடிவு. ஆயினும் தடைக்காலத்துக்கு நாள் குறிக்கலாம். முகத்துவாரம் எப்போது தூரும், வலையில் எந்த வாரம் ஒன்றும் விழாது என்பதற்கு நாள் குறிக்க முடியாது. அத்தகைய வாரங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்?

வழக்கமான விடை, மீன் வியாபாரி தரும் முன்பணம். இதற்கு வட்டி கேட்கப்படாமலும் இருக்கலாம். ஆனால் அதற்கு ஈடாக, பிடிபடும் மீனையும் இறாலையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே தர வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கடனும் விற்பனையும் இவ்வாறு ஒரே முடிச்சில் பிணைக்கப்படும்போது, வட்டி என்பது விலைக்குறைவுக்குள் ஒளிந்துகொள்கிறது. முன்பணம் வாங்கிய கைக்கு விலை பேசும் வாய் இருப்பதில்லை.

ஆட்டின் உண்மையான வருமானம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதம். நன்கு பராமரித்தால் 2 ஆண்டுகளில் 3 முறை ஈனும். ஈற்றுக்குச் சராசரியாக ஒன்றரைக் குட்டி என்று வைத்துக்கொண்டால், 2 பெட்டை ஆடுகள் 2 ஆண்டுகளில் 9 குட்டிகள் ஈனும். மூன்றில் ஒரு பங்கு நோயிலும் நாய்க்கடியிலும் போனதாகக் கழித்தால் மிஞ்சுபவை 6. அதாவது ஆண்டுக்கு 3. இந்த 3 குட்டிகளின் சந்தை விலையை மட்டும் வருமானம் என்று எழுதினால் கணக்கு முழுமையாகாது. வலை வெறுமையாக வந்த வாரத்தில் ஒரு கிடாவை விற்று முன்பணம் வாங்காமல் தப்பினால், அடுத்த சில மாதங்களுக்குத் தன் இறாலுக்குத் தானே விலை கேட்கும் உரிமை அந்தக் குடும்பத்திடம் இருக்கும். அந்த உரிமையின் மதிப்பு, பல வேளைகளில் கிடாவின் விலையை விடவும் அதிகம்.

வங்கிச் சேமிப்பு இதைச் செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், சேமிக்க மிச்சம் இருந்தால். ஆடு வளர்ப்பில் சேமிப்பு, கையிலிருக்கும் காசிலிருந்து தொடங்குவதில்லை. வேப்பிலை, பூவரசந்தழை, சீமைக் கருவேல நெற்று, கழுநீர் என விலையில்லாதவற்றை விலையுள்ளதாக மாற்றுவதிலிருந்து தொடங்குகிறது. எந்த வங்கியும் தழையை வைப்பாக ஏற்பதில்லை.

பாடு உள்ளவரும் இல்லாதவரும்

ஏரியின் மீன்பிடிக் களங்களைப் பங்கிட்டுக்கொள்ளப் பழவேற்காட்டில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிக் குலுக்கல் மூலமும் முறைவைத்தும் தீர்மானிக்கும் ஏற்பாடு இது. பொது வளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவியதற்காக எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் கூறியவற்றுக்கு நம் வாசலிலேயே இருக்கும் சான்று பாடு முறை. பொதுக் களம் என்றாலே பாழாகும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதியதற்கு அது மறுப்பும் ஆகும்.

ஆனால் பாடு முறைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மரபுப்படி அது பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கான உரிமை. பெண்களுக்கு அதில் தனிப் பங்கில்லை. சேற்றில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இல்லை. நீரில் பங்கில்லாத இவர்களுக்குக் கரையில் கிடைக்கும் பங்குதான் ஆடு. நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், படகு வேண்டாம், குலுக்கலில் பெயர் வர வேண்டாம். கணவர் இறந்து படகு கைமாறிய பிறகும் ஒரு பெண்ணிடம் தங்கும் சொத்து அது. ஆகவே ஆட்டின் மீது விழும் எந்த அடியும் முதலில் விழுவது இந்தச் சமூகத்தின் கடைசிப் படியில் நிற்பவர்கள் மீதுதான்.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. நீருக்குப் பாடு வகுத்த இந்த ஊர்களில், மேய்ச்சல் தரைக்கு அத்தகைய உறுதியான விதி எதுவும் உருவாகவில்லை. நிலம் தாராளமாக இருந்த வரையில் அது தேவைப்படவும் இல்லை. இப்போது தேவைப்படுகிறது.

சுருங்கும் தீவு

பழவேற்காட்டுக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையே, எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் நிலத்துண்டு காட்டுப்பள்ளித் தீவு. மணல்மேடும் உப்பளமும் சிறு வயலும் முட்செடிக் காடுமாக இருந்த இந்தப் பகுதியில் கடந்த கால் நூற்றாண்டில் எண்ணூர்த் துறைமுகம், அனல்மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவை தீவிலும் அதன் அண்டையிலும் அடுத்தடுத்து இடம் பிடித்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது.

இத்திட்டம் குறித்த விவாதத்தில் கடல் அரிப்பும் மீன்வளமும் பேசப்பட்டன. பேசப்பட வேண்டியவையே. ஆனால் மேய்ச்சல் நிலம் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இழப்பீடு என்று வரும்போது பட்டா நிலத்துக்கு விலை உண்டு. படகுக்கும் வலைக்கும் கணக்கு உண்டு. புறம்போக்கில் மேய்ந்த ஆட்டுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. அரசு ஆவணத்தில் 'தரிசு' என்று எழுதப்பட்டிருக்கும் நிலம், ஆடு வைத்திருப்பவளின் கணக்கில் தீவனக் கிடங்கு. கிடங்கைப் பூட்டிவிட்டு ஆட்டை மட்டும் விட்டுவைப்பதால் பயனில்லை.

நாட்டின் வறண்ட பகுதிகளில், தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களின் 80-க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்த பொருளியலறிஞர் என்.எஸ். ஜோதா, ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 விழுக்காடு வரை பொது நிலங்களிலிருந்து வருவதாக 1986-இல் எழுதினார். 1950-களின் தொடக்கத்திலிருந்து மூன்று பத்தாண்டுகளில் அக்கிராமங்களின் பொது நிலப்பரப்பு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துபோனதையும் அவரே காட்டினார். வசதியுள்ளவருக்கு இது கண்ணில் படாத இழப்பு. ஏழைக்கு அடுப்பில் தெரியும் இழப்பு.

தீவில் இந்த இழப்பு இன்னும் கடுமையானது. உள்நாட்டுக் கிராமத்தில் ஒரு புறம்போக்கு போனால் ஆடு அடுத்த ஊருக்கு மேயப் போகலாம். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த திட்டில் அடுத்த ஊர் என்பது இல்லை. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இருக்கம் போன்ற ஏரித்தீவுகளில் ஆட்டை விற்பதற்கும் நீர் குறுக்கிடுகிறது. படகேறி வரும் வியாபாரி திரும்பிப் போனால் அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரியாத நிலையில், பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடு தந்தால் போதுமா?

ஆடு வழங்குவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகள் தரும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, பழவேற்காடு அமைந்துள்ள இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 5 ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 4 ஆடுகள் என்பது இலக்கு. ஆட்சி மாறிய பிறகு 2021-இல், கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்குத் தலா 5 ஆடுகள் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 81 லட்சமாக இருந்த மாநிலத்தின் வெள்ளாடுகள் 2019-இல் ஏறத்தாழ 99 லட்சமாயின. இந்த உயர்வுக்கு இறைச்சி விலையும் ஒரு காரணம். திட்டங்களின் பங்கும் இருக்கக்கூடும்.

இருப்பினும், ஆடு மட்டும் தந்தால் வறுமை அகலுமா என்ற கேள்விக்கு உலக அனுபவம் தெளிவான விடை தருகிறது. இந்தியா உட்பட 6 நாடுகளில் மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை போன்ற ஒரு சொத்து, சில மாதங்களுக்கான உணவுச் செலவு, பயிற்சி, சேமிப்பு வசதி, தொடர்ந்து வந்து பார்த்தல் ஆகிய அனைத்தையும் சேர்த்து வழங்கிய திட்டத்தை, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பிறகும் அக்குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்தன. அந்நாடுகளுள் ஒன்றான கானாவில், சில குடும்பங்களுக்கு மற்ற எதுவும் இல்லாமல் ஆடுகள் மட்டும் தரப்பட்டன. அக்குடும்பங்களிடம் முழுத் திட்டம் கொணர்ந்தது போன்ற நிலையான முன்னேற்றம் காணப்படவில்லை. ஆடு தேவை, ஆடு மட்டும் போதாது.

நம் ஊரில் அந்தப் 'போதாத' பகுதியில் முதலிடம் நோய்த் தடுப்புக்கு. 'ஆட்டுக்கொல்லி' என்று அழைக்கப்படும் கொடிய நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய தடுப்பூசியே நம் கால்நடை அறிவியலின் பெருமைகளில் ஒன்று. ஒரு முறை போட்டால் சில ஆண்டுகளுக்குக் காப்பு நீடிக்கும். இந்நோயை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிக்க ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வகுத்துள்ளன. முன்னர்ப் போட்ட கணக்கில் 9 குட்டிகளில் 3 இறப்பதற்குப் பதில் 1 மட்டும் இறந்தால் மிஞ்சுபவை 8. புதிதாக ஓர் ஆடும் வாங்காமல், ஓர் அடி நிலமும் கேட்காமல், வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இதைவிட மலிவான வறுமை ஒழிப்புத் திட்டத்தை நான் அறியேன்.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. பழவேற்காடு ஒரு பறவைகள் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஏ பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட நடவடிக்கை எடுப்பதைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமையாக்கியிருக்கிறது. தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்தில் மேய்க்கக் கூடாது என்பதும் அதே பிரிவு. இதன் இரண்டாம் பாதி, மேய்ப்பவரைத் தடுக்கப் பயன்படும். முதல் பாதி அவருக்கு உரிமையளிக்கிறது என்பதையும் நாம் நினைவூட்ட வேண்டும்.

புறந்தள்ள முடியாத ஐயங்கள்

ஆட்டுக்கு எதிரான வாதங்கள் வலுவானவை. அவற்றை எதிர்கொள்ளாமல் பரிந்து பேசுவது நேர்மையாகாது. தீவும் ஆடும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கலாபகோஸ் தீவுகள் எச்சரிக்கை. அங்கே காட்டு விலங்காகப் பெருகிவிட்ட ஆடுகள் தாவரங்களையும் பேராமைகளின் உணவையும் அழித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த பெருந்திட்டத்தில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அந்நாடு கொன்றழிக்க நேர்ந்தது. பழவேற்காட்டின் ஆடுகள் மாலையில் வீடு திரும்பும் வளர்ப்பு ஆடுகள். அவற்றின் தொகை அவ்வப்போது விற்பனையாலேயே குறைந்துகொண்டிருக்கும். எனினும் இளங்கண்டல் செடியை மேய்ந்துவிட்டால் அந்த அலையாத்திக் காடு எழும்பாது. அது எழும்பாவிட்டால் புயலைத் தடுக்க அரண் இல்லை. இறால் குஞ்சுக்கும் ஒதுங்க இடமில்லை. மீனவரின் ஆடே மீனவரின் மீனைத் தின்பதாக முடியும்.

இரண்டாவது ஐயம் என் துறையினருடையது. பஞ்ச காலத்தில் கால்நடை உண்மையில் கைகொடுக்கிறதா? பர்கினா ஃபாசோவில் 1980-களின் வறட்சியை ஆராய்ந்த ஃபாஃப்ஷாம்ப், உட்ரி, சூகாஸ் ஆகியோர், கால்நடை விற்பனை வருமான இழப்பில் அதிகபட்சம் 30 விழுக்காட்டையே ஈடுசெய்தது என்று 1998-இல் எழுதினர். பழவேற்காட்டின் நிலை இதிலிருந்து ஓரளவு வேறுபடுகிறது. முகத்துவாரம் தூர்ந்ததால் ஏரிக்கரையில் பலரும் ஒரே வாரத்தில் கிடாவை விற்க வந்தாலும், சென்னையின் இறைச்சிச் சந்தை அதை உணரப்போவதில்லை, விலை சரிந்துவிடாது. ஆனால் புயல் வேறு கதை. படகைக் கொண்டுபோகும் அதே வெள்ளம் ஆட்டையும் கொண்டுபோகும். இரண்டு சொத்தும் ஒரே இரவில் அழியுமானால் ஒன்று மற்றதற்குக் காப்பாக இருக்க முடியாது. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இறந்த ஆட்டுக்கான நிவாரணத்தை மாநில அரசு 3,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக உயர்த்தியது. அது ஓர் ஆட்டுக்கு ஈடாகலாம், ஈனவிருந்த குட்டிகளுக்கு ஈடாகாது.

இவ்விரு ஐயங்களும் ஆடு வேண்டாம் என்ற முடிவுக்கு நம்மை இட்டுச் செல்லவில்லை. விதியில்லாத மேய்ச்சலும் காப்பில்லாத வளர்ப்பும் வேண்டாம் என்ற முடிவுக்கே இட்டுச் செல்கின்றன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பருவமழைக்கு முன் ஒரு நாள் குறித்து, குப்பம் குப்பமாகச் சென்று ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட வேண்டும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி நல்ல ஏற்பாடு. சாலையில்லாத திட்டுகளுக்கு அதே சேவை படகில் செல்ல வேண்டும். இதற்கான செலவைக் கால்நடைத் துறையும் வனத் துறையும் பகிர்ந்துகொள்ளச் சட்டமே இடந்தருகிறது.

இரண்டாவதாக, மீனவக் கிராமங்களின் மேய்ச்சல் தரைகளை ஊராட்சி வாரியாக அளந்து, பயன்பாட்டின் பெயரிலேயே ஆவணத்தில் பதிய வேண்டும். எந்தத் தொழில் திட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீட்டிலும் படகு, வலையோடு ஆடும் மேய்ச்சல் தரையும் எண்ணப்பட வேண்டும். எண்ணப்படாத சொத்துக்கு இழப்பீடு கிடைத்ததாக வரலாறு இல்லை.

மூன்றாவதாக, மேய்ச்சலுக்கும் ஒரு பாடு வகுக்கப்பட வேண்டும். கண்டல் நாற்று நட்ட இடங்கள் எவை, அவற்றில் எத்தனை ஆண்டுகள் ஆடு இறங்கக் கூடாது, அந்த ஆண்டுகளில் மாற்றுத் தீவனத்துக்கு வழி என்ன என்பதை கிராம சபை தீர்மானிக்கட்டும். இந்தப் பாட்டில் பெண்களுக்கும் இருளருக்கும் முழுப் பங்கு இருக்க வேண்டும். பழைய பாட்டின் குறையைப் புதியதில் களைவது அந்த மரபுக்குச் செய்யும் மரியாதைதான்.

நான்காவதாக, கடனும் காப்பீடும் சிறியவர்களின் அளவுக்கு இறங்கி வர வேண்டும். தேசியக் கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம் 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணையிலிருந்துதான் மானியத்தைத் தொடங்குகிறது. 4 ஆடு வைத்திருப்பவளுக்கு அந்தப் படிக்கட்டின் முதல் படியே தலைக்கு மேல். கால்நடைக் காப்பீட்டில் பயனாளியின் பங்கு 2024-இல் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு ஒன்று தன் உறுப்பினர்களின் ஆடுகள் அனைத்தையும் ஒரே பத்திரத்தில் காப்பீடு செய்ய வழிவகுத்தால், அந்தச் சலுகை குப்பங்களை எட்டும். உழவர் கடன் அட்டை மீனவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது. இரண்டும் செய்யும் குடும்பத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடன் வரம்பு தரப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, புயல் பாதுகாப்பு மையங்களை ஒட்டி ஆடுகளுக்கென மேடான கொட்டகை ஒன்று வேண்டும். ஆட்டை விட்டுவிட்டு வா என்றால் அதன் உரிமையாளர் வரத் தயங்குவார். தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து. ஆட்டைக் காப்பது மனிதரைக் காப்பதன் ஒரு பகுதி.

இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய நிதியும் தேவையில்லை. மீனவர் என்பவர் மீன் மட்டும் பிடிப்பவர் என்ற எண்ணத்தை நான்கு துறைகளும் கைவிட்டால் போதும். பழவேற்காட்டின் எதிர்காலம் பற்றிய விவாதம் துறைமுகமா, மீன்வளமா என்று இரண்டு சொற்களில் சுருங்கிவிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவே கரையில் வாழும் ஒரு குடும்பம், வலை பொய்த்த நாளில் எதை விற்று மானத்தோடு அடுத்த நாளைத் தொடங்குகிறது என்ற கேள்வியும் அந்த விவாதத்தில் இடம்பெற வேண்டும். தள்ளிவைக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் என்றேனும் நடக்குமானால், அங்கே வைக்கப்படும் அறிக்கையில் ஆடுகளின் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.